அணிந்ததும் தாமே இயங்கும் கருவிகள்: நோயாளரும் பேணுவோரும் அறிய வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளரின் பையில் மருந்துச் சீட்டும் மாத்திரைகளும் மட்டுமே இருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவற்றோடு, உடலில் அணியும் மின்னணுக் கருவி ஒன்றும் உடன் செல்வது பெருகி வருகிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், மேற்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் வில்லை, மார்பில் ஒட்டி இதயத் துடிப்பைப் பதியும் பட்டை, மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச், காதில் பொருத்தும் காதொலிக் கருவி என இவை பலவகைப்படும்.

இவற்றுள் பலவற்றுக்குப் பொத்தானை அழுத்த வேண்டிய தேவை இல்லை. உடலில் அணிந்தவுடன் தாமே இயங்கத் தொடங்கும்; கழற்றியவுடன் தாமே ஓய்ந்துவிடும். கை நடுங்கும் முதியவருக்கும் கண்பார்வை மங்கியவருக்கும் இது பெரிய உதவி. ஆயினும் இந்த வசதிக்குள் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. விளக்கு எரிவதைக் கண்டதும், கருவி தன் வேலையைச் செய்கிறது என்று வீட்டார் நம்பிவிடுகின்றனர். கருவி இயங்குவது ஒன்று. நோயாளரை அது சரியாகக் கண்காணிப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதுகில் சுமந்த கருவி

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்னும் ஆய்வாளர், நடமாடும் மனிதரின் இதயத் துடிப்பைப் பதிய முடியுமா என்று 1940களின் இறுதியில் முயன்றார். அவர் உருவாக்கிய முதற்கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. அதனை முதுகில் சுமந்துகொண்டே அவர் சோதனை செய்தார். இன்று இதய நோயாளர்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கட்டியனுப்பும் ‘ஹோல்டர்’ கருவி அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு அடிப்படையான முறையை ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1974இல் வெளியிட்டார்.

அக்காலக் கருவிகளை இயக்கவும் நிறுத்தவும் பயிற்சி பெற்றவர் ஒருவர் அருகில் இருந்தார். மின்வாய் நழுவினால் அவர் கண்டுகொள்வார். இன்று கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது; பயிற்சி பெற்றவர் அருகில் இல்லை. அவருடைய இடத்தில் இப்போது இருப்பவர் வீட்டில் பேணுபவர்தாம். ஆகவே, அவர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இனிக் காண்போம்.

தன்னை அணிந்துள்ளனர் என்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது?

கருவிக்கு மனிதரைத் தெரியாது. உடலின் ஏதோ ஓர் இயல்பை மட்டுமே அதனால் உணர முடியும். பெரும்பாலான கருவிகள் கீழ்க்காணும் வழிகளுள் ஒன்றையோ சிலவற்றைச் சேர்த்தோ பயன்படுத்துகின்றன.

முதலாவது, ஒளி. ஸ்மார்ட் வாட்சின் அடிப்புறத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. அது தோலில் பட்டுத் திரும்பி வந்தால், எதிரே ஏதோ ஒன்று நெருங்கியிருக்கிறது என்று கருவி அறிகிறது. அதன்பின் பச்சை விளக்கு எரிந்து, குருதியோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. ஒளியைத் திருப்பியனுப்பும் பொருள் மனிதத் தோலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உயிரற்ற பொருளின்மேல் கட்டியபோதும் துடிப்பு எண்ணைக் காட்டிய கைப்பட்டைகள் உண்டு. மறுபுறம், மணிக்கட்டில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தால் அந்த மை ஒளியைத் தடுத்துவிடும். அணிந்திருந்தும் அணியவில்லை என்று கருவி கருதக்கூடும்.

இரண்டாவது, மின்தேக்கம். உடலில் நீரும் உப்பும் இருப்பதால், அது அருகில் வரும்போது கருவியிலுள்ள சிறு உலோகத் தகட்டின் மின்தேக்கும் அளவு மாறுகிறது. கைப்பேசியின் தொடுதிரை நம் விரலை அறிவதும் இம்முறையில்தான். ஈரக் கையால் தொடும்போது திரை தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வையும் குளித்த ஈரமும் இவ்வகைக் கருவிகளையும் அவ்வாறே குழப்பக்கூடும்.

மூன்றாவது, மின்வாய்த் தொடர்பு. இதயத் துடிப்பைப் பதியும் கருவிகள், நாம் உணர முடியாத அளவு மெல்லிய மின்னோட்டத்தைத் தோலின் வழியே செலுத்திப் பார்க்கின்றன. சுற்று முழுமையானால் ‘ஒட்டியுள்ளது’ என்றும், அறுந்தால் ‘கழன்றுவிட்டது’ என்றும் முடிவு செய்கின்றன. மார்பில் தடவிய தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், அடர்ந்த முடி, உலர்ந்துபோன பசை ஆகியவை இத்தொடர்பைக் கெடுக்கும்.

நான்காவது, எளிய பொறியமைப்பு. காதொலிக் கருவியின் மின்கலக் கதவை மூடியதும் அது இயங்கும். மின்னேற்றும் பெட்டியிலிருந்து எடுத்ததும் சில கருவிகள் விழித்துக்கொள்ளும். இவை உடலை உணர்வதே இல்லை. காதில் இருந்தாலும் மேசையில் இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றே.

இவற்றோடு அசைவையும் வெப்பத்தையும் துணைச் சான்றுகளாகக் கொள்ளும் கருவிகளும் உள்ளன. எவ்வழியானாலும் கருவி செய்வது ஓர் ஊகமே. பெரும்பாலும் அது சரியாக இருக்கும். எப்போதாவது தவறும்போது அதனைக் கண்டறியும் பொறுப்பு நம்முடையது.

நான்கு நிலைகள்

அணியும் கருவி எதுவாயினும், அதன் பணி நான்கு நிலைகளைக் கடந்தே நிறைவேறுகிறது.

1. கருவி இயங்கத் தொடங்க வேண்டும்.
2. அது உடலோடு சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும்.
3. அது உண்மையான அளவைக் காட்ட வேண்டும்.
4. அந்த அளவோ எச்சரிக்கை ஒலியோ அதனை அறிய வேண்டியவரைச் சென்றடைய வேண்டும்.

தானே இயங்கும் வசதி உறுதி செய்வது முதல் நிலையை மட்டுமே. சில கருவிகள் இரண்டாம் நிலையையும் ஓரளவு சோதித்துக்கொள்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் நம் கையில் உள்ளன. இனி ஒவ்வொரு கருவியையும் இந்நான்கு நிலைகளை மனத்தில் கொண்டு பார்ப்போம்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்

இக்கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய குருதியும் ஏறாத குருதியும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் ஈர்ப்பதால், அவற்றின் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவு கணக்கிடப்படுகிறது. விரலை நுழைத்ததும் தானே இயங்கும் வகையும் உண்டு; ஒரு முறை பொத்தானை அழுத்த வேண்டிய வகையும் உண்டு. விரலை எடுத்ததும் சில வினாடிகளில் அணைந்துவிடுவது இரண்டுக்கும் பொதுவான வழக்கம்.

விரலை நுழைத்தவுடன் தோன்றும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை. எண் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடேற்றுங்கள். நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலைத் தேர்ந்தெடுங்கள். நேரடி வெயில் படாத இடத்தில், கையை அசைக்காமல் வைத்துப் பாருங்கள்.

தோலின் நிறமும் இவ்வளவைப் பாதிக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோதும் குருதிப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த நிலை, கறுப்பின நோயாளரிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. 90 என்று காட்டும்போது உண்மையான அளவு 86 முதல் 94 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் விளக்கியுள்ளது. ஆகவே ஒரே ஓர் எண்ணைக் கொண்டு அஞ்சவும் வேண்டா. நிம்மதி அடையவும் வேண்டா. நாள்தோறும் ஒரே விரலில், ஒரே நிலையில் அமர்ந்து பார்த்துக் குறித்து வாருங்கள். எண் படிப்படியாக இறங்குகிறதா என்பதே மருத்துவருக்கு மிகப் பயன்படும் செய்தி.

மேற்கையில் ஒட்டும் சர்க்கரை வில்லை

தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் இவ்வில்லையின் மெல்லிய இழை தோலுக்குள் நுழைந்து, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரில் சர்க்கரையை அளக்கிறது. டெக்ஸ்காம் ஜி7 போன்ற சில வகைகள் உடலில் பொருத்தியவுடன் தாமே இயங்கத் தொடங்குகின்றன. ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்றவற்றை ஒட்டிய பின் கைப்பேசியாலோ அதற்குரிய கருவியாலோ ஒரு முறை தொட்டு எழுப்ப வேண்டும். உங்களுக்குத் தந்த வில்லை எவ்வகை என்பதைச் செவிலியரிடம் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். எழுப்பாத வில்லை எத்தனை நாள் ஒட்டியிருந்தாலும் எதையும் அளக்காது.

இயங்கத் தொடங்கிய பின்னும் அது ஆயத்தமாகச் சிறிது நேரம் தேவை. டெக்ஸ்காம் ஜி7க்கு ஏறத்தாழ 30 நிமிடங்கள். லிப்ரேவுக்கு ஒரு மணி நேரம். அந்நேரத்தில் அளவும் வராது, எச்சரிக்கையும் ஒலிக்காது. எனவே இன்சுலின் போட்டுக்கொண்டு உறங்கச் செல்லும் வேளையில் வில்லையை மாற்றாதீர்கள். பகலில், பிறர் உடனிருக்கும் நேரத்தில் மாற்றுவது நல்லது.

மற்றொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். வில்லை ஒட்டிய கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால், அவ்விடம் அழுந்தி, சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யான எச்சரிக்கை எழக்கூடும். நள்ளிரவில் ஒலி கேட்டதும் உறங்குபவரை எழுப்பி, புரண்டு படுக்கச் செய்து, விரல் நுனியில் ஊசியால் குத்திக் குருதியில் பார்த்துவிடுங்கள். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவை இருப்பின் பரிசோதனைக்காகக் காத்திராமல், அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீரோ பழச்சாறோ கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது; அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

வில்லை சரியாக அளந்தும் வீட்டார் அறியாமல் போவதுண்டு. கைப்பேசி கூடத்தில் இருக்க, நோயாளர் பின்கட்டு அறையில் உறங்கினால் தொடர்பு அறுந்துவிடும். கைப்பேசி ஒலியடக்கத்தில் இருந்தாலும் சில அமைப்புகளில் எச்சரிக்கை கேட்காது. வெளியூரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ செய்தி செல்ல வேண்டுமானால் இரு பக்கமும் இணைய வசதி வேண்டும். நான்காம் நிலை என்று மேலே சொன்னது இதனைத்தான்.

மார்பில் ஒட்டும் இதயப் பட்டையும் ஹோல்டரும்

இவை பெரும்பாலும் மருத்துவமனையிலேயே பொருத்தி இயக்கி அனுப்பப்படுபவை. ஒட்டும் இடத்தில் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் இருத்தலாகாது. குளிக்கலாமா, நனையலாமா என்பது கருவிக்குக் கருவி வேறுபடும், கேட்டறிந்து நடங்கள். ஓரம் உரிந்தால் வீட்டிலுள்ள பிளாஸ்திரியை ஒட்டிச் சமாளிக்காமல், எங்களை அழைத்துக் கேளுங்கள். மின்வாயின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி கருவியைப் பிடித்து வைக்கும்; தொடர்பைச் சரிசெய்யாது.

படபடப்பு, தலைசுற்றல், கண் இருளுதல் ஆகியவை நேர்ந்தால், நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். மாடிப்படி ஏறுகையிலா, சினத்தின்போதா, உறக்கத்திலா என்பதைக் கருவி அறியாது. பதிவையும் உங்கள் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

உயிர்காக்கும் மேலங்கி: ஓர் ஆய்வு தரும் பாடம்

மாரடைப்புக்குப் பின் இதயத்தின் இறைக்கும் ஆற்றல் மிகக் குறைந்தவர்களுக்குத் திடீரென்று ஆபத்தான துடிப்பு தோன்றக்கூடும். அதனை உணர்ந்து தானே மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் மேலங்கி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இதனை ஆடைக்குள், தோலை ஒட்டி அணிய வேண்டும். மின்கலத்தைப் பொருத்தியதும் இயங்கத் தொடங்கி, இரவும் பகலும் துடிப்பைக் கவனிக்கும்.

ஆபத்தான துடிப்பை உணர்ந்ததும் மேலங்கி அதிர்ந்து, உரக்க ஒலியெழுப்பும். நோயாளர் நினைவோடு இருந்தால் தாமே பொத்தான்களை அழுத்தி மின்னதிர்ச்சியைத் தடுக்கலாம். அழுத்தாவிட்டால் அவர் நினைவிழந்துவிட்டார் என்று கொண்டு கருவி அதிர்ச்சியைக் கொடுக்கும். இங்கே பேணுவோர் ஒருபோதும் மறக்கலாகாத விதி ஒன்றுண்டு. அந்தப் பொத்தான்களை நோயாளரைத் தவிர வேறெவரும் அழுத்தக் கூடாது. ஒலி கேட்டுப் பதறி, அதனை நிறுத்துவதாக எண்ணி உறவினர் அழுத்திவிட்டால், உயிர்காக்க வேண்டிய அதிர்ச்சி தடைப்பட்டுவிடும். அதிர்ச்சி கொடுக்கும் வேளையில் நோயாளரைத் தொடவும் கூடாது.

இம்மேலங்கி பயன் தருகிறதா என்று ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று 2018இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயிற்று. அதில் பங்கேற்றோர் 2,302 பேர். அவர்களுள் 1,524 பேருக்கு மேலங்கி வழங்கப்பட்டது. 90 நாள் முடிவில், துடிப்புக் கோளாற்றால் நேர்ந்த இறப்பு மேலங்கி பெற்றோரிடம் 1.6 விழுக்காடு, பெறாதோரிடம் 2.4 விழுக்காடு. இவ்வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிறுவும் அளவுக்குப் பெரிதன்று என்பதே ஆய்வாளர் முடிவு.

ஆனால் அவ்வாய்விலுள்ள வேறோர் எண்ணைக் கவனியுங்கள். மேலங்கி பெற்றோருள் 48 பேர் இறந்தனர். இறக்கும் வேளையில் அவர்களுள் அதனை அணிந்திருந்தவர் 12 பேர் மட்டுமே. எஞ்சிய 36 பேரின் உடலில் அப்போது மேலங்கி இல்லை. மேலும், மேலங்கி பெற்றவர்களுள் நாலில் ஒரு பங்கினர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே அதனை அணிந்தனர்.

அணிந்திருந்தால் அந்த 36 பேரும் பிழைத்திருப்பர் என்று சொல்வதற்கில்லை. எல்லா இறப்பும் துடிப்புக் கோளாற்றால் நேர்வதன்று. ஆயினும் கழற்றி வைத்த கருவியால் எவருக்கும் உதவ முடியாது என்பது உறுதி. அவர்கள் ஏன் கழற்றினர்? புழுக்கம், தோல் அரிப்பு, உறக்கத்துக்கு இடையூறு, அடிக்கடி எழும் ஒலி, பிறர் பார்வைக்குக் கூச்சம் என இத்தகைய கருவியை அணிவோர் படும் தொல்லைகளை நாங்கள் அறிவோம். அவை உண்மையான தொல்லைகள். நோயாளரின் பிடிவாதம் என்று தள்ளிவிடத் தக்கவையல்ல. அரிப்புக்கு மருந்துண்டு, அளவு பொருந்தாவிடில் மாற்றலாம், உள்ளே பருத்தித் துணி அமைந்த வகையைக் கேட்கலாம். தொல்லையைச் சொல்லாமல் கழற்றி வைப்பதுதான் ஆபத்து. “இதை என்னால் அணிய முடியவில்லை” என்று சொல்ல எந்த நோயாளரும் தயங்க வேண்டா. கேட்பவரும் கடிந்துகொள்ளலாகாது.

மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்

பிள்ளைகள் பெற்றோருக்கு அன்போடு வாங்கித் தரும் கருவி இது. கீழே விழுந்தால் அறிந்து உதவிக்கு அழைக்கும் வசதி இவற்றுள் சிலவற்றில் உண்டு. ஆப்பிள் வாட்சில், பயன்படுத்துபவரின் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் இவ்வசதி தானே இயங்கும் நிலையில் இருக்கும். வயது குறைவாகப் பதிந்திருந்தால் நாமே சென்று அதனை இயக்க வேண்டும். வாங்கித் தந்த பேரன் அவசரத்தில் தன் பிறந்த ஆண்டையே பதிந்திருந்தால், 78 வயதுப் பாட்டி விழுந்தாலும் கடிகாரம் வாளாவிருக்கக்கூடும். அணிந்திருப்பதை உணரும் அமைப்பை நிறுத்தி வைத்திருந்தாலும், விழுந்தபின் அவசர உதவியை அது தானாக அழைக்காது. இவ்விரண்டையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

பட்டை மிகத் தளர்ந்திருந்தால் அளவு பிழைபடும். இறுகினால் தோல் புண்ணாகும். ஒரு விரல் நுழையும் அளவு போதும்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள். கடிகாரம் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சுட்டக்கூடும், மாரடைப்பைக் கண்டறியாது. தோலில் ஊசி நுழையாமலே சர்க்கரையை அளப்பதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவற்றை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கு ஆபத்து. மூன்றாவதாக, நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தமுள்ள கைப்பேசி, கடிகாரம் ஆகியவற்றை அக்கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருக்க வேண்டும். சட்டையின் மேற்பையில் கைப்பேசி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காதொலிக் கருவி

துத்தநாகக் காற்று மின்கலத்தின் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்ததும், காற்று உட்புகுந்து மின்கலம் வேலை செய்யத் தொடங்குகிறது. உரித்த பின் ஒரு நிமிடமேனும் வைத்திருந்து, பிறகு கருவியில் பொருத்துங்கள். தாளை மீண்டும் ஒட்டுவதால் மின்கலத்தின் தேய்வு நிற்காது. ஆகவே தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். இரவில் மின்கலக் கதவைத் திறந்து வையுங்கள். மின்னேற்றும் பெட்டியுள்ள வகையானால், பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்து வையுங்கள். இச்சிறு மின்கலங்கள் குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது. விழுங்கிவிட்டால் அது அவசர நிலை.

முதியவர் ஒருவர் சொன்னதற்கு மறுமொழி கூறாமல் இருந்தால், நினைவு மங்கிவிட்டது என்று முடிவுகட்டும் முன், காதிலுள்ள கருவி உண்மையில் ஒலிக்கிறதா என்று பாருங்கள். அதனைக் கழற்றி உள்ளங்கையில் குவித்துப் பிடித்தால், இயங்கும் கருவி பெரும்பாலும் ‘உய்’ என்று கீச்சிடும். துளை காதுக்குறும்பியால் அடைபட்டிருக்கிறதா என்றும் நோக்குங்கள்.

கருவியும் உடலும் முரண்படும்போது

கருவி அமைதியாக இருந்து, நோயாளர் துன்புற்றால் நோயாளரையே நம்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உதடு நீலம் பாரித்தல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், நினைவு தடுமாறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், கருவியில் எண் சரியாக இருக்கிறது என்று காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

நோயாளர் நலமாக இருந்து, கருவி மட்டும் அலறினால் அஞ்சாமல் மூன்றைச் செய்யுங்கள். பொருத்தத்தைச் சரிபாருங்கள்; சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் அளந்து பாருங்கள்; வேறு வழியில் ஒப்புநோக்குங்கள். எச்சரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்தால் எங்களை அழையுங்கள். தொல்லை தாளாமல் ஒலியை நிறுத்திவிடுவது, உண்மையான எச்சரிக்கையையும் சேர்த்து நிறுத்துவதாகும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி

மருத்துவமனையிலிருந்து கருவி பெற்ற முதல் நாளே, பகல் வேளையில் இதனைச் செய்யுங்கள். கழற்றிப் பார்ப்பதற்கு மருத்துவர் இசைந்த கருவிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். ஒட்டு வில்லையையும் இதயப் பட்டையையும் உரித்துப் பார்க்க வேண்டா.

கருவியை நோயாளர் அணிந்திருக்கும்போது திரையிலோ விளக்கிலோ என்ன தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கழற்றி மேசைமேல் வைத்து, எத்தனை நேரத்தில் அணைகிறது, ஒலி எழுப்புகிறதா, ஒன்றும் சொல்லாமல் ஓய்ந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். மீண்டும் அணிவித்து, எத்தனை நேரத்தில் அளவு வருகிறது என்று பாருங்கள். கைப்பேசியோடு இணைந்த கருவியானால், நோயாளர் உறங்கும் அறையிலும் தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். இரவில் யார் அருகில் படுப்பார், எச்சரிக்கை யார் காதில் விழும் என்பதையும் வீட்டார் கூடி முடிவு செய்யுங்கள். கால் மணி நேரத்தில் முடியும் வேலை இது. கழன்றுவிட்டால் உங்கள் கருவி குரல் கொடுக்குமா, கொடுக்காதா என்பது அதன்பின் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

வினா 1: கடிகாரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. அது சரியாக அளக்கிறது என்று கொள்ளலாமா?
விடை: கொள்ளலாகாது. எதிரே ஏதோ ஒன்று இருப்பதைக் கருவி உணர்ந்துள்ளது என்பது மட்டுமே அதன் பொருள்.

வினா 2: உயிர்காக்கும் மேலங்கி ஒலியெழுப்புகிறது, நோயாளர் நினைவின்றிக் கிடக்கிறார். அருகிலுள்ள மகள் பொத்தானை அழுத்தலாமா?
விடை: அழுத்தக் கூடாது. நோயாளரைத் தொடாமல் விலகி நின்று, உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

வினா 3: புதிய சர்க்கரை வில்லையைப் படுக்கப் போகும் நேரத்தில் மாற்றலாமா?
விடை: தவிர்ப்பது நல்லது. வில்லை ஆயத்தமாகும்வரை அளவும் எச்சரிக்கையும் கிடைக்கமாட்டா.

வினா 4: தோல் அரிப்பால் அப்பா இதயப் பட்டையைக் கழற்றிவிட்டார். என்ன செய்வது?
விடை: கடிந்துகொள்ளாதீர்கள். கழற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, நீங்கள் அணியும் கருவியையும் அதன் மின்னேற்றியையும், பயிற்சியின்போது எழுதிய குறிப்பையும் உடன் கொண்டுவாருங்கள். புரியாதது எதுவாயினும், எத்தனை முறையானாலும் கேளுங்கள். சொல்லித் தருவது எங்கள் கடமை.